ஓடைவாயில் ஓரகத்திகள்

ஓவர்சியர் ராமுத்தாயைத் "தலைவியம்மா" என்று கூப்பிட்ட அன்றைக்குக் கருத்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே தெருவில் குடியிருக்கிற இரண்டு பேர். மூத்தவன் மொக்கையனுக்குக் கருத்தம்மாள், இளையவனுக்கு ராமுத்தாய். மூத்த மருமகள் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது பின்னால் வந்தவளுக்கா தலைமை? அதுவும் ராமுத்தாய் அதைக் கேட்டு வாங்கவில்லை. "பொம்பளையாளுகளைச் சேத்து வேலை வாங்க ஒருத்தர் வேணும்" என்று ஓவர்சியர் சொன்னதும் பெண்களெல்லாம் அவள் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். கேட்காமலே கிடைத்ததுதான் கருத்தம்மாளுக்குக் கூடுதலாக எரிந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் அது. போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில், மலையடிவாரத்து ஊர். மேலே காடு வெட்டி வெட்டி, மழைக்கு மலைமண் ஓடையோடு இறங்கிக் கண்மாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓடை கண்மாயில் விழுகிற வாயில் முன்னெல்லாம் கோரையும் நாணலும் ஆளுயரம் நின்று மண்ணைத் தடுக்கும். அதையும் கூரைக்கென்றும் மாட்டுக்கென்றும் ஊரே அறுத்துத் தீர்த்துவிட்டது. தை பிறக்கும்போதே கண்மாய் காய்ந்தது. மனுக் கொடுத்து மனுக் கொடுத்துத்தான் பொதுப்பணித்துறை ஜீப்பில் அந்த ஓவர்சியர் வந்தார்.

"நான் முன்னாடி கடற்கரையில வேலை பாத்தேன்" என்றார் ஓவர்சியர். "ஆறு கடல்ல சேர்ற கழிமுகத்துல செடியெல்லாம் வெட்டிட்டாங்க. மீனு இல்லாமப் போச்சு. அப்புறம் அரசாங்கம் கன்னு குடுத்துச்சு, மீன்காரங்களே நட்டு, அவங்களே காவல் இருந்தாங்க. மீனு திரும்பி வந்துச்சு. கடலானாலும் கண்மாயானாலும் தண்ணி வந்து சேர்ற வாய் நல்லாருக்கணும். கல்லுக்கட்டும் வெட்டிவேர்த் தூரும் நாங்க தர்றோம். நடுறதும் பாக்குறதும் நீங்க."

"இங்கயும் மீனு வருமா சார்?" என்றான் மொக்கையன்.

"மொதல்ல தண்ணி வரட்டும்யா."

வீட்டுக்கு ஒரு பாத்தி என்று ஓடைக்கரையைப் பிரித்தார்கள். ஐப்பசி மழைக்கு எந்தப் பாத்தி நன்றாகத் தாக்குப்பிடிக்கிறதோ, அந்த வீட்டுக்குத்தான் அந்த வருஷம் கண்மாய்க் கரைப்புல் முழுவதும் என்று ஊரில் பேச்சாயிற்று. கருத்தம்மாள் வீட்டில் இரண்டு எருமைகள். புல்லுக்காகத் தினமும் மலையேறி இறங்குகிறவள். கரைப்புல் கிடைத்தால் ஒரு வருஷம் கால் பிழைக்கும். அதைவிட, தலைவியம்மாவின் பாத்தி தோற்க வேண்டும்.

குலுக்கலில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி விழுந்தது.

"அக்கா, நட்ட பெறகு மண்ணை மிதிச்சு இறுக்கணுமாம். களை மொளைச்சாலும் தொடப்படாதாம். சாரு சொன்னாரு" என்றாள் ராமுத்தாய்.

"மேல ஏலத்தோட்டத்துல எத்தனை வருசம் சோலி பாத்தவ நானு. எனக்குத் தூரு நடச் சொல்லித் தர்றியாக்கும்?"

"நாஞ் சொல்லலக்கா, சாரு..."

"சாரு ஒங் காதுல மட்டும் வந்து சொன்னாராக்கும்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கருத்தம்மாள் விடிந்ததும் விடியாததுமாகப் பாத்திக்குப் போனாள். ஏலச்செடிக்குச் செய்கிற பண்டுதம் அத்தனையும் வெட்டிவேருக்குச் செய்தாள். ஒரு களை விடாமல் பிடுங்கினாள். காய்ந்த தாளை உரித்தாள். தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, மக்கிய சருகு போட்டாள். பாத்தி சாணி தெளித்த வாசல் மாதிரி இருந்தது. ராமுத்தாயின் பாத்தியில் அருகும் கோரையும் கண்டபடி பின்னிக் கிடந்தன.

"எருமை படுத்து எந்திரிச்ச எடமாட்டம் கெடக்கு, பாருங்க" என்று புருஷனிடம் காட்டினாள்.

"அந்தப் புள்ளையப் பாத்து ஏண்டி இந்த வேகு வேகுறே?"

"எனக்கென்ன வேக்காடு?"

ராமுத்தாய்க்கு மனது கேட்கவில்லை. ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, கொத்தி விடாதீக. தண்ணி வந்தா அரிச்சிரும்."

"ஏம் பாத்தியப் பாத்து ஒனக்கு வயித்தெரிச்சல்" என்றாள் கருத்தம்மாள். சொன்னபோது நெஞ்சு குளிர்ந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மலை கறுத்தது. சாயங்காலத்துக்குள் ஓடை செம்மண் நிறத்தில் முழங்கிக்கொண்டு வந்தது. ஊரே கரையில் நின்றது. ராமுத்தாயின் பாத்தியில் புல் படுத்துக்கொண்டது, தண்ணீர் அதன் முதுகின் மேல் ஏறிப் போனது. கருத்தம்மாளின் பொலபொல மண் வெல்லம் கரைகிறாற்போலக் கரைந்தது. தூர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிச் சுழன்று போயின. விழுந்த பள்ளத்தில் தண்ணீர் கரையைக் கடித்து, ராமுத்தாயின் பாத்தி பக்கம் திரும்பியது.

ஆண்கள் கல்லும் முள்ளும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கருத்தம்மாள் அசையவில்லை. 'அதுவும் போகட்டும்' என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அது போகவில்லை. அரிப்பு முதல் வரிசை வேரில் முட்டி நின்றுவிட்டது. அந்த ஏமாற்றத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மழை விட்டதும் ஓவர்சியர் வந்தார். பள்ளத்தை அடைத்து உடனே நட்டாக வேண்டும், அடுத்த வெள்ளம் வந்தால் கல்லுக்கட்டே போய்விடும், ஆனால் ஆபீசில் தூர் இல்லை என்றார். நிற்கிற பாத்தியில்தான் பிரிக்க வேண்டும்.

"ஏம் பாத்தியில எடுத்துக்கங்க சார்" என்றாள் ராமுத்தாய்.

அவள் பிரித்து நீட்டிய தூர்களைக் கருத்தம்மாள் முகம் பார்க்காமல் வாங்கினாள். நட்டு, குதிகால் வலிக்க மிதித்தாள். ராமுத்தாய் தானும் மிதிக்க வந்தபோது, "ஏம் பாத்தியில காலு வைக்காத" என்றாள். ராமுத்தாய் சிரித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றாள்.

கரைப்புல் ராமுத்தாய்க்குத்தான் என்று ஊர் சொன்னது.

"அக்கா, எருமைக்கு நீங்களும் அறுத்துக்கங்க."

"ஒந் தருமம் எனக்கு வேணாம்."

நாலு நாள் மலையேறினாள். அட்டை கடித்தது, மழையில் பாதை வழுக்கியது, எருமைக்குப் பால் குறைந்தது. ஐந்தாம் நாள் அரிவாளோடு கரைக்கு வந்து நின்றாள். கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது.

"எந்த மூலையில அறுக்க?"

"ஒங்களுக்குப் புடிச்ச மூலையில அறுங்கக்கா."

கருத்தம்மாள் கரை முழுக்க ஒரு நடை நடந்தாள். புல் எங்கே ரொம்பச் செழிப்பாக இருக்கிறதோ, அந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.