உப்பிய வாஷர்

சுருட்டை விட்டதிலிருந்து ஷாநவாசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. 2010 கோடை. ரங்கூன் அலோன் படகுத்துறைக்குப் பக்கத்தில் பம்பு வாஷர் விற்கும் தன் கடையில் உட்காருவதும் எழுவதுமாகப் பொழுதைத் தள்ளினார். சிங்கப்பூரிலிருந்து மச்சான் அனுப்பிய மின்சிகரெட்தான் ஒரே துணை. அதற்கும் கேடு வந்தது. ஆவியாக்கி இழுக்கும் லவங்கப்பட்டை வாசனைத் திரவத்தை அதில் ஊற்றிய மறுநாளே அதன் பிளாஸ்டிக் குப்பி வெள்ளை பூத்து விரிசல் விட்டது. அடியிலிருந்த ரப்பர் வளையம் ஊறி உப்பி, சட்டைப்பையெல்லாம் ஒழுகியது.

"மட்டமான சாமான்!" என்று சீறினார். விரிசலுக்குப் பசை தடவி, கடையிலிருந்த உசத்தி வாஷர் ஒன்றை மாட்டினார். சாயங்காலத்துக்குள் பசை விட்டுப்போனது, வாஷரும் உப்பிவிட்டது.

டீ கொண்டுவந்த மனைவி சைதா அதை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"கண்ட எண்ணெயையும் ஊத்தினா ரப்பர் போயிடும்னு படகுக்காரங்களைத் திட்டுவீங்களே?"

"அவனுங்க ஊத்துறது டீசல். இது நான் வாயில வெச்சு இழுக்கிறதுடி!"

சைதா கடை அடுக்குகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப உங்க நெஞ்சுக்கு எந்த சைஸ் வாஷர்ங்க?"