மாரெனுக்கு ஏற்ற துப்பாக்கி

எங்கள் மகள் மாரெனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த கோடையில் இரண்டு ஆண்களுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. ஒருவர் என் கணவர் ஆரின். மற்றவர் அவருடைய அண்ணன் டெல்மார், எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர். அவளுடைய முதல் துப்பாக்கி எதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. மழை, சோளம், டிராக்டர் ரிப்பேர் எல்லாம் அதற்குப் பின்னால் போய் நின்றன.

அமெரிக்காவில் எங்கள் தெற்கு டகோட்டாவில் இலையுதிர்காலம் வந்தால் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டைதான். பெரியவர்கள் காட்டில் இறங்குவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கென்று சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கூடப் போகிற பெரியவர் வெறுங்கையோடுதான் போக வேண்டும். மாரென் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டாள். துப்பாக்கி மட்டும்தான் பாக்கி.

நான் வேட்டைக்குப் போகிறவள் அல்ல. கொண்டுவந்தால் சமைப்பேன். அதனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

டெல்மார் ஒருநாள் மெல்லிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். சுண்டுவிரல்தான் நுழையும், அவ்வளவு சின்ன வாய்.

"சின்னப் பொண்ணு, சின்னத் துப்பாக்கி. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

ஆரின் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல எத்தனை ரவைண்ணே போகும்? ஒரு சிட்டிகை மிளகு மாதிரி. கை தேர்ந்தவன் சுடுறது அது. பழகுறவ கையில குடுத்தா பத்து தடவை தப்பும், பதினோராவது தடவை வேட்டையே வேண்டாம்னுடுவா." அவர் தன்னுடைய இருபது கேஜ் பம்ப் துப்பாக்கியை, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா மாற்றுகிறதை, எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

மாரென் இரண்டையும் தொடாமல் பார்த்தாள். அவளிடம் அபிப்பிராயம் எதுவும் இல்லை, கேள்விகள் இருந்தன. பன்னிரண்டு கேஜ் என்றால் பெரிய குழல், இருபது என்றால் சின்னது, எண் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்டாள். ஆரின் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். இரண்டு பேரும் சிறுவயதிலிருந்து வேட்டையாடுகிறவர்கள்.

மறுநாள் அவளே எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிடித்தால், அதில் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் பன்னிரண்டு கேஜின் வாய். இருபதாகப் பிரித்தால் உருண்டை சிறுத்துவிடும். டெல்மாருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த வாரம் முழுக்க ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எது நல்லது என்று வாயால் பேசி முடியாது, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் மாரென். மாமிசம் சுற்றுகிற பழுப்புக் காகிதச் சுருளை என்னிடம் கேட்டு வாங்கிப்போனாள். மரவரிசைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் காகிதங்களைக் குச்சியடித்து நிறுத்தி, ஒவ்வொன்றின் நடுவிலும் கரியால் ஒரு சேவலை வரைந்தாள். எல்லாரும் காதை மூடிக்கொண்டோம்.

முதலில் டெல்மாரின் துப்பாக்கியால் மாரென் சுட்டாள். காகிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஓட்டைகள், எல்லாம் சேவலுக்கு இடப்பக்கம். அடுத்தது ஆரினுடையது. ஓட்டைகள் கூடுதல்தான், ஆனால் அவையும் இடப்பக்கம். அவள் திரும்பச் சுட்டாள். அதுவும் அப்படியே. சேவல் கரிக்கோட்டோடு பத்திரமாக நின்றது.

குழல் வளைந்திருக்கும் என்றார் டெல்மார். ஆரின் வாங்கிச் சுட்டார். சேவலின் நெஞ்சு சல்லடையாயிற்று. "வளைஞ்சிருக்காம்ல" என்றார்.

டெல்மார் விடவில்லை, தானும் வாங்கிச் சுட்டார். ரவையெல்லாம் இடப்பக்கம் போயிற்று. ஆரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அது புதிய சிரிப்பு அல்ல. டெல்மார் சுட்டால் சேவலுக்கு ஆயுசு கூடும் என்பது எங்கள் பக்கத்தில் பழமொழி மாதிரி. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆரின் அவருக்கு பிளாஸ்டிக் கோழி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, "இதாவது ஓடாதுண்ணே" என்று சொல்லியிருக்கிறார். டெல்மாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எத்தனை பெரிய கூட்டமாக இருந்தாலும் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

மாரென் மட்டும் அன்று சிரிக்கவில்லை. காகிதங்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் விரித்தாள். தன்னுடையதையும் பெரியப்பாவுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இதைப் பாரேன். குறி தப்பினா கண்ட பக்கமும்தானே போகணும்? எங்க ரெண்டு பேருக்கும் ஏன் ஒரே பக்கமா போகுது?"

அதன் பிறகு எனக்கும் அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

விடை பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அவளுடைய தோழி, வலது கையால் எழுதுகிறாய், பார்ப்பதற்கு மட்டும் ஏன் இடது கண்ணை வைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். மாரென் வலது கண்ணை வைத்துப் பார்த்தாளாம். அந்நியர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்ததாம். ஆசிரியையிடம் போய்க் கேட்டதும் அவர் ஒரு சின்னச் சோதனையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை டெல்மார் சாப்பிட வந்திருந்தார். கடைசியில் ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாரென் எல்லாரையும் கையை நீட்டச் சொன்னாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் காணாமல் போகிறதோ, அதுதான் எஜமான் கண்.

ஆரினுக்கு வலது. எனக்கும் வலது. மாரெனுக்கு இடது.

டெல்மார் இடது கண்ணை மூடினார். கையை இறக்காமல் அப்படியே இருந்தார். திறந்தார், மறுபடி மூடினார்.

"போயிடுச்சு" என்றார்.

மாரென் உற்சாகத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். துப்பாக்கி வலது தோளில் இருக்கிறது, குறி பார்ப்பது இடது கண், அதனால் குழல் நாம் நினைக்கிற இடத்தைப் பார்ப்பதில்லை, கையில் ஒரு குறையும் இல்லை, பெரியப்பா நீங்கள் சுட்டதெல்லாம் சரியாகத்தான் சுட்டீர்கள், வேறு கண்ணுக்கு.

டெல்மார் முட்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நாப்பது வருஷம்" என்றார். சத்தம் இல்லாமல் சொன்னார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தட்டில் பாதி பை மிச்சம் இருந்தது. டெல்மார் எங்கள் வீட்டில் பையை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

"நான் தப்பா ஏதும் சொல்லிட்டேனா?" என்றாள் மாரென்.

"நீ இல்லம்மா" என்றார் ஆரின். "அந்தக் கோழியை நான் வாங்கியிருக்க வேண்டாம்."

அந்த வாரம் டெல்மார் வரவில்லை. ஆரின் இரண்டு தடவை போனார். வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பினார்.

மாரென் இடது தோளுக்கு மாறினாள். இடது கையால் பல் தேய்ப்பதுபோல இருக்கிறது என்று புலம்பினாள். ஆனால் காகிதத்தில் ரவை சேவலின் மேல் போய் விழுந்தது. அதைப் பார்த்து அவள் குதிக்கவில்லை. கிட்டப் போய் ஓட்டைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். புதுத் தொல்லை ஒன்றும் வந்தது. ஆரினின் துப்பாக்கி சுட்டு முடிந்த வெறும் தோட்டாக்கூட்டை வலப்பக்கம் துப்பும். இடது தோளில் வைத்தால் அது அவள் மூக்குக்கு முன்னால் பறந்தது. ஆக, வீட்டில் இருக்கிற எதுவும் அவளுக்கு ஆகாது. கடைக்குத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். கடையின் பின்பக்கத்தில், பாடம் செய்த மான் தலைக்கு நேராக, ஒரு பெரிய உடம்பு துப்பாக்கியை இடது தோளில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தது. டெல்மார். எங்களைப் பார்த்ததும் பிறர் தட்டில் கைவைத்து மாட்டிக்கொண்டவர்போலத் துப்பாக்கியை இறக்கினார்.

"அண்ணே, நான்..." என்று ஆரின் ஆரம்பித்தார்.

"விடுறா" என்றார் டெல்மார். "கோபம் உன் மேல இல்ல. தெரிஞ்சிருந்தா வேற ஆளா இருந்திருப்பேனோன்னு யோசிச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன். அப்படியொன்னும் இருந்திருக்க மாட்டேன்னு தோணிச்சு. இன்னும் கொஞ்சம் ஃபெசன்ட் தின்னிருப்பேன், அவ்வளவுதான்."

ஆரின் அவர் தோளில் கை வைத்தார். அந்த இரண்டு பேருக்கும் அது பெரிய விஷயம்.

கடைக்காரர் மாரெனைப் பார்த்ததும் தோளில் ஊன்றுகிற கட்டை இளஞ்சிவப்பாக இருந்த சின்னத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். பெண் பிள்ளைகளுக்கென்றே வந்தது, இறகு மாதிரி இருக்கும் என்றார். தோட்டா எந்தப் பக்கம் விழும் என்று கேட்டாள் அவள். வலப்பக்கம். அப்படியானால் வேண்டாம் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மூலையிலிருந்து இரண்டை எடுத்தார். ஒன்று நடுவில் மடித்துத் திறக்கிற புது இரட்டைக்குழல், மெலிந்தது, கனமே இல்லை. இன்னொன்று யாரோ விற்றுவிட்டுப் போன இருபது கேஜ் பம்ப். கட்டை தேய்ந்து நிறம் மங்கியிருந்தாலும் வெறும் தோட்டா அடிப்பக்கமாக விழும். எந்தத் தோளுக்கும் ஆகும். கட்டையும் குட்டை, அவள் கைக்கு எட்டும். ஆனால் கனம்.

மாரென் ஒன்றை எடுத்துக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தாள். தூண்டில்கள், ரப்பர் பூட்ஸுகள், நாய்த் தீனி மூட்டைகள் எல்லாவற்றையும் சுற்றி வந்தாள். பிறகு மற்றதை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டெல்மார் காவல்காரர்போலப் பின்னாலேயே போனார்.

"இது" என்று பம்பைக் காட்டினாள்.

"நாள் பூரா தூக்கணும்மா. கை விட்டுப்போகும்" என்றார் ஆரின்.

"தூக்குற வலி எனக்குத் தெரிஞ்ச வலிப்பா. லேசா இருக்கிறது தோள்ல நல்லா உதைக்கும். உதைக்கப்போகுதுன்னு பயந்தா சுடறப்போ கண்ணை மூடிடுவேன். அப்புறம் எந்தக் கண்ணா இருந்தா என்ன?"

டெல்மார் கடைக்காரரிடம் திரும்பினார். "கட்டுங்க அதை" என்றார்.

பிள்ளைகளுக்கான முதல் நாள் காற்று பலமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் கூடப் போனேன். காப்பி கொண்டுவருகிறேன் என்று சாக்கு சொன்னேன். உண்மையில் எனக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆரின் ஒரு பக்கம், டெல்மார் ஒரு பக்கம், நடுவில் மாரென், அவளுக்கு முன்னால் எங்கள் நாய் ஜூனோ வாலை ஆட்டிக்கொண்டு புல்லுக்குள் போயிற்று.

ஜூனோ சட்டென்று நின்றது. புல் வெடித்ததுபோல ஒரு பறவை கிளம்பியது. மாரெனின் துப்பாக்கி தோளுக்குப் போனது. என் கையில் காப்பி சிந்தியது. அவள் சுடவில்லை. "பெட்டை" என்று சொல்லித் துப்பாக்கியை இறக்கினாள். பெட்டையைச் சுடக் கூடாது. பெட்டைக்குரிய பழுப்பு நிறம் என்பது எனக்கு அது தூரத்தில் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது சேவல், கத்திக்கொண்டே எழுந்தது. சுட்டாள், தப்பிற்று. வெகுதூரம் நடந்தோம். அவள் துப்பாக்கியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்ததைக் கவனித்தேன். ஆனால் முணுமுணுக்கவில்லை. வாய்க்கால் திருப்பத்தில் மூன்றாவது பறவை எழுந்தது. வெயிலில் செம்பு மாதிரி மின்னியது. ஒரே வெடி. அது மடிந்து புல்லில் விழுந்தது. ஜூனோ ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்தது.

மாரென் அதைக் கையில் வாங்கினாள். இன்னும் சூடாக இருக்கிறது என்றாள். கழுத்தின் வெள்ளை வளையத்தை விரலால் நீவிவிட்டாள். சந்தோஷமா, வருத்தமா என்று அவள் முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவள் தலைக்கு மேலாக டெல்மார் என்னைப் பார்த்துச் சொன்னார், "நான் என்னோடதைப் பழக இன்னும் நாள் ஆகும். பரவால்ல. இப்பல்லாம் ரெண்டு பக்கமும் தப்புது. முன்னேற்றம்தான்."

வீட்டில் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு, பறவை சுத்தமாகி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போய்ப் பார்த்தால் மாரென் பறவையின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையை அறுத்து, அதில் இருந்ததையெல்லாம் ஒரு தட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். டெல்மார் முழங்கையை ஊன்றிக் குனிந்திருந்தார். சோளமணிகள், புல்விதை, பச்சை மாறாத ஒரு வெட்டுக்கிளி, ஒரு குட்டி நத்தை, அப்புறம் நிறைய சோயாமொச்சை.

"பெரியப்பா, நம்ம பக்கம் யாரும் இந்த வருஷம் சோயா போடலையே."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டிருக்காங்க."

"அப்ப காலையில அங்க தின்னுட்டு ரோட்டைத் தாண்டி வந்திருக்கா? எங்க தாண்டும்? வாய்க்கால் பாலத்துக்கு அடியிலயா, மேலயா?"

டெல்மார் நிமிர்ந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், பாலத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நான் அடுப்பை அணைத்தேன்.