புறாக்காரன் சாட்சி

எங்கள் டமாஸ்கஸில் புறா வளர்ப்பவன் சாட்சி செல்லாது. மாடியில் நின்று அடுத்த வீட்டுப் பெண்களைப் பார்ப்பவன், பிறத்தியார் புறாவைப் பிடித்துவிட்டு இல்லை என்று சத்தியம் செய்பவன் என்பது ஊர்ப் பேச்சு. என் அண்ணன் பத்ரான் புறாக்காரன். நான் கானிம், வடக்கு மதில் கோபுரத்தில் காவல்காரன்.

நிலநடுக்கத்தில் பாதி சரிந்த அந்தக் கோபுரத்தை மேஸ்திரி ஹம்தான் நாலே மாதத்தில் தூக்கி நிறுத்தினான். வாசலுக்கு மேல் அவன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். அண்ணன் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், அதுல ஏறாதடா. உள்ள சுண்ணாம்பே போடல, வெறும் சேறும் சல்லியும். மாடியில இருந்து பாத்தேன்."

"நீ வானத்தைத் தவிர வேற எதைப் பாத்த? காவலுக்குப் போகலேன்னா என் தோலை உரிச்சிடுவாங்க."

வாய்க்கொழுப்பு எனக்கு.

அவன் கோபுரத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல, வழக்கு விசாரிக்கும் காஜியாரிடம் போனான்.

"புறாவை விட்டுட்டு வாப்பா, அப்புறம் பேசலாம்" என்றார் அவர்.

நாற்பது புறா. வாயோடு வாய் வைத்து இரை ஊட்டி வளர்த்தவை. கூடைகளில் அடைத்து, ஹோம்ஸ் நகரத்தில் ஒரு வியாபாரியிடம் சேர்க்கச் சொல்லி ஒட்டகக்காரரோடு அனுப்பினான். வளர்த்த மாடிக்கே புறா திரும்பும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். கொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் எங்கள் வீட்டை ஒட்டிய பள்ளிவாசல் முற்றத்தில் விசாரணை. அண்ணன் பேச ஆரம்பித்தான். தலைக்கு மேல் படபடவென்று சத்தம். ஹோம்ஸுக்கு அனுப்பிய புறாக்கள். மாடியில் கூண்டைப் பிரித்துவிட்டிருந்ததால் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, அவன் தோளிலும் தலையிலும் வந்து இறங்கின.

"துணைக்குச் சாட்சிங்களையும் கூட்டிட்டு வந்திருக்காரு. அதுங்க சொல்றதையும் எழுதிக்குங்க, காஜியாரே" என்றான் ஹம்தான். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். காஜியார் எழுந்து போய்விட்டார்.

அன்று பிற்பகல் அண்ணன் மாடியில் நின்று விசில் அடித்தான். ஒவ்வொன்றாக அவன் கைக்கு வந்தன. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகினான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை செத்த புறாக்களைச் சாக்கில் கொண்டுபோய்க் காஜியார் முன்னால் கொட்டினான். யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப சொல்லலாங்களா, ஐயா?"

ஆள் அனுப்பிக் கோபுரச் சுவரில் துளை போட்டார்கள். ஈரச் சேறு பொலபொலவென்று கொட்டியது. ஹம்தானை விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். கோபுரத்தைப் பிரித்து, சுண்ணாம்பு போட்டுத் திரும்பக் கட்டினார்கள். அவன் பெயர் வெட்டிய கல்லை மட்டும், வீணாக்குவானேன் என்று அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். பத்ரான் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

சாக்கில் இருந்தது முப்பத்தொன்பதுதான். கடைசிப் புறா மழைக்காலம் முடிந்து, ஒரு சிறகு கிழிந்து வந்து சேர்ந்தது. வெற்று மாடியின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்த அண்ணனையே பார்த்தது.

"அண்ணே, ஒண்ணு வந்திருக்கு. கூப்பிடேன்."

அவன் நிமிரவில்லை.

"நீயே விரட்டிடுடா. நான் கூப்பிட்டா வந்துடும்."