பிரெட் கடை எத்தனையாவது?

எங்கள் சந்துக்கு இரண்டு வாய். ஒன்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்தது, இன்னொன்று மார்க்கெட்டைப் பார்த்தது. மார்க்கெட் பக்க வாயைச் சுவர் வைத்து அடைக்கப் போவதாக ஒரு கட்டடக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. அங்கே இருந்த காலி மனையை அவர்கள் வாங்கியிருந்தார்கள். இது ஆரம்பத்திலிருந்தே முட்டுச்சந்து, ஐந்து வருடத்துக்கு முன் மனையின் பழைய சுவர் இடிந்து விழுந்த பிறகுதான் ஜனங்கள் குறுக்கே நடக்கத் தொடங்கினார்கள் என்பது அவர்கள் வாதம்.

என் தொழிலைச் சொன்னால் இது எனக்கு எவ்வளவு பெரிய அடி என்று புரியும். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி ஓடவைப்பேன். ஒரு மோட்டார் இருபது கிலோ இருக்கும். எனக்கு முக்கால்வாசி வேலை மார்க்கெட்டைத் தாண்டி இருக்கும் பட்டறைகளிலிருந்து வருகிறது. தோளில் தூக்கிக்கொண்டு வருகிறவர் இப்போது இருநூறு அடி நடந்தால் போதும். சுவர் வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். யார் சுற்றுவார்? ஆறு மாதத்தில் என் கடைக்குப் பூட்டுதான்.

நகராட்சியில் பழைய வரைபடம் இருந்தது. ஆனால் மழையில் ஊறி, எங்களுக்கு வேண்டிய மூலை மட்டும் கரைந்துபோயிருந்தது. விதி என்னவென்றால், பொதுமக்கள் இருபது வருடம் நடந்த வழியை யாரும் அடைக்க முடியாது. நினைவு இருக்கிறவர்களைக் கூட்டி வாருங்கள் என்று விசாரணை அதிகாரி சொல்லிவிட்டார். சந்தில் பழகிய பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். எல்லோரையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார். முதலில் வந்தவர் தையல்கார அத்தை.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சந்துல எத்தனை கடைம்மா?"

"பதினொண்ணு. ஒரே வரிசை. எதிர்ல குடோன் சுவர்."

"பிரெட் கடை எத்தனையாவது?"

"ரெண்டாவது. பக்கத்துலதானே நான் இருந்தேன்? அந்த அடுப்புச் சூட்டுல நான் தைக்கிற சட்டையெல்லாம் பிரெட் வாசனை அடிக்கும்."

"சலூன்?"

"நாலாவது. வாட்ச் ரிப்பேர்காரர் ஏழாவது. அவர் கடையில முப்பது கடிகாரம் தொங்கும், ஒண்ணு காட்டற நேரத்தை இன்னொண்ணு காட்டாது."

அடுத்து சலூன் அண்ணன் வந்தார். அதே கேள்விகள்.

"என் சலூன் எட்டாவது" என்றார். "வாட்ச் கடை அஞ்சாவது. பிரெட் கடை பத்தாவது."

வக்கீல் அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஒருத்தருக்கு ரெண்டு, இன்னொருத்தருக்குப் பத்து. இவங்க நினைவை நம்பியா மேடம் ஒரு மனையோட எல்லையை முடிவு பண்றது?"

சலூன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அத்தைக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாது மேடம். அவங்க சொன்னதையா எழுதுவீங்க?"

"டேய் தம்பி, உன் கத்திரியில காது தப்பிச்சவங்களை எண்ணிச் சொல்லு, அதுக்கு ஒரு கை விரல் போதும்!" என்றார் அத்தை.

அதிகாரி மேசையைத் தட்டினார். என் கடையைக் கண்ணெதிரே யாரோ இழுத்துப் பூட்டுவது போல இருந்தது. சும்மா இருக்க முடியாமல் நோட்டீஸின் பின்பக்கம் எண்களை எழுதினேன். பிரெட் கடை இரண்டு, பத்து. சலூன் நான்கு, எட்டு. வாட்ச் கடை ஏழு, ஐந்து. சுற்று எண்ணிப் பழகிய புத்தி, தானாகக் கூட்டிப் பார்த்தது. பன்னிரண்டு. பன்னிரண்டு. மறுபடி பன்னிரண்டு.

மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. மறந்தவர்கள் சொல்லும் எண்கள் மூலைக்கு மூலை சிதறும். பதினோரு சுற்றுக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முனையிலிருந்து இரண்டாவது சுற்று, அந்த முனையிலிருந்து பத்தாவது. இரண்டும் சரி. நாம் எந்த வாயில் நுழைகிறோமோ, அங்கிருந்துதான் கடைகளை எண்ணுவோம். அத்தை வீடு பஸ் ஸ்டாண்டு பக்கம். அண்ணன் வீடு மார்க்கெட் பக்கம். இத்தனை வருடம் எனக்கு இது உறைக்கவே இல்லை. ஏன் தெரியுமா? என் கடை ஆறாவது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஆறுதான்.

எழுந்து நின்றேன். "மேடம், ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க."

"நீங்க என்ன, வக்கீலா?" என்றார் கம்பெனி வக்கீல்.

"காயில் கட்டறவ சார். கம்பி நடுவுல அறுந்திருக்கான்னு ரெண்டு முனையையும் தொட்டுப் பாக்கறதுதான் என் வேலை." கணக்கை அதிகாரியிடம் விளக்கினேன். "முட்டுச்சந்தா இருந்தா எல்லாரும் ஒரே வாயிலதான் நுழையணும். எல்லாருக்கும் பிரெட் கடை ரெண்டாவதாத்தான் இருக்கணும். அண்ணனுக்குப் பத்தாவதா இருக்குன்னா, அவர் தினமும் மார்க்கெட் பக்கமா நுழைஞ்சிருக்கார்."

"அவர் தலைகீழா எண்ணிட்டார், அவ்வளவுதான்" என்றார் வக்கீல்.

"வெளிய பத்துப் பேர் இருக்காங்க. உள்ள நடந்தது அவங்களுக்குத் தெரியாது. பிரெட் கடை எத்தனையாவது, அப்ப வீடு எந்தப் பக்கம். இந்த ரெண்டை மட்டும் நீங்களே கேளுங்க மேடம்."

சொல்லிவிட்ட பிறகுதான் ஆபத்து புரிந்தது. ஒருத்தர் மாற்றிச் சொன்னாலும் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறு பேர் பத்தாவது என்றார்கள். ஆறு பேர் வீடும் மார்க்கெட் பக்கம். மூன்று பேர் இரண்டாவது என்றார்கள். மூவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம். கடைசியாக வந்தவர் சலவைக்காரர்.

"பிரெட் கடையா? மூணாவது."

"வீடு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்."

வக்கீலின் பேனா துள்ளியது.

"மத்தவங்க எல்லாம் ரெண்டுன்னு சொல்றாங்களே?" என்றார் அதிகாரி.

"சொல்வாங்க" என்றார் சலவைக்காரர். "சந்து வாயில ஒருத்தர் குடையை நட்டுவெச்சு செருப்பு தைப்பார். அவரை விட்டுட்டு எண்ணியிருப்பாங்க. தலைக்கு மேல கூரை இல்லேன்னா அது கடை இல்லையா? எனக்கு அவர்தான் முதல் கடை."

"கறுப்புக் குடை" என்றார் அத்தை மெதுவாக. "ஒரு கம்பி வளைஞ்சிருக்கும். நான்தான் விட்டுட்டேன், எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வழி அப்போதே திறந்துதான் இருந்தது என்று தனக்குத் தெளிவாகிவிட்டதாகச் சொன்னார். வக்கீல் விடவில்லை. கம்பெனி இரும்புக் கதவு ஒன்று போடட்டும், காலை ஆறு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும், காவலாளி சம்பளமும் கம்பெனியே தரும், இதற்குச் சம்மதித்தால் இன்றோடு முடிந்தது, இல்லையென்றால் மேல்முறையீடு, ஒரு வருடம் இழுக்கும் என்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. கதவு வந்தாலும் பகலில் என் மோட்டார்கள் வந்து சேர்ந்துவிடும். எனக்கு அது போதும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டார் சலூன் அண்ணன்.

"காவலாளிகிட்ட."

"அப்ப நாளைக்கு அவனுக்கு உடம்பு சரியில்லேன்னா?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார். "அதெல்லாம் எதுக்குடா தம்பி கேக்கறே? கதவே வேணாம். நம்ம வழியில நடக்க நாம யாருக்கு சலாம் போடணும்?"

என் வாயில் இருந்த 'சரி'யை விழுங்கினேன். "வேண்டாம் மேடம்" என்றேன். "மேல்முறையீடு பண்ணட்டும்."

பண்ணியிருக்கிறார்கள். அடுத்த மாதம் விசாரணை. சந்தில் நடந்தவர்களையெல்லாம் தேடிப் பெயரும் பழைய விலாசமும் எழுதி வாங்குகிறோம், இதுவரை நாற்பத்தியொரு பேர். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் சொல்லித் தரவில்லை, தரவும் மாட்டோம். வக்கீல் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கட்டும்.