காகிதப்பூக் குச்சிகள்

லேத்தில் இரும்பு கடைகிறவனுக்குக் குச்சி நடுவதைப் பற்றி என்ன தெரியும்? மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி மனைவி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டில் அப்படியே செய்தான். அவள் வேலை பார்த்த பள்ளியின் வாசல் வளைவில் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியிலிருந்து, படுக்கையில் விழுவதற்கு முன் அவளே வெட்டி வந்திருந்த குச்சிகள். கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, இலைகளைக் கிள்ளி, சின்னத் தொட்டிகளில் மணல் கலந்த மண் நிரப்பி நட்டு, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து ஜன்னலோரம் வைத்தான்.

"வாசமும் இல்ல, முள்ளு வேற. இதப் போயி எதுக்கு?" என்று கேட்டான்.

"உங்களோட இத்தன வருஷம் குப்ப கொட்டலயா? முள்ளெல்லாம் பழகிடுச்சு." சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இன்னொரு நாள், "வேர் விட்டிருக்கா?" என்றாள்.

"இல்ல. பிடுங்கிப் பாத்தேன்."

"நல்லாயிருக்கே! பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா எப்படிங்க விடும்? சும்மா விடுங்க அத."

அதுதான் அவள் கடைசியாகத் திட்டியது. அடுத்த வாரம் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து அவன் வீடு திரும்பியபோது, அவனுடைய அக்கா வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது.

"அங்க இருந்த தொட்டியெல்லாம் எங்கக்கா?"

"காஞ்ச குச்சிதானேன்னு குப்பையில போட்டுட்டேன்டா."

தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு ஓடினான். லாரி வந்து அள்ளிப்போயிருந்தது. திரும்பி வந்து, "அவள அனுப்பினது பத்தலையா? மிச்சத்தையும் தூக்கிப் போட வந்தியா?" என்றான். அக்கா பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவன் தடுக்கவில்லை.

சில நாள் வேலைக்கும் போகாமல் கிடந்துவிட்டு, பிறகு பள்ளி வாசலுக்குப் போய் நின்றான். காவலாளிக்கு அவனைத் தெரியும்.

"மேடம் எப்படி இருக்காங்க? ரொம்ப நாளா காணோமே."

வந்தவர்களுக்கெல்லாம் அக்காதான் சொல்லியிருந்தாள். அவன் வாயால் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "இறந்துட்டா" என்றான். தன் குரலே யாருடையதோ போலிருந்தது. காவலாளி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவன் கொடியைக் காட்டிக் குச்சி கேட்டதும், கத்தரிக்கோலை எடுத்து வந்து நீட்டி, "எவ்வளவு வேணுமோ வெட்டிக்குங்க" என்றார்.

மறுபடியும் அதேபோல் நட்டான்; குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஒன்று மட்டும் துளிர்த்தது. அக்காவுக்கு போன் செய்து அதை மட்டும் சொன்னான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் மறுநாளே பஸ் ஏறி வந்தாள்.

அவள் வருவதற்குள் துளிரும் தொங்கிவிட்டது. மண்ணைக் கிளறினான், வேரே இல்லை. குச்சியில் மிச்சமிருந்த ஈரத்தில் வந்த இலை அது.

அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அழத் தொடங்கியபோது முதுகில் கை வைத்தாள்.

"அந்த ஸ்கூல் எங்கடா இருக்கு?" என்றாள் கடைசியில். "எழுந்து சட்டையப் போடு. நானும் வரேன்."