நல்லகாமனின் பரிவட்டம்

நல்லகாமன் தலையில் கட்டிய பரிவட்டத்தை அவிழ்க்க முடியவில்லை. அதிலிருந்து இரண்டு வருஷம் தண்ணீர் சொட்டியது. கோடையில் சற்றுக் குறையும், ஐப்பசியில் கூடும். மற்றபடி அது சாதாரணக் கண்மாய்த் தண்ணீர்தான், லேசாகப் பாசி வாசம் அடிக்கும்.

கட்டச் சொன்னவர் ஜெயக்கொடி. விளாங்குடிக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரின் கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவி. மதுரையில் ஒரு கம்பெனியில் ஆட்களைக் கட்டி மேய்க்கும் வேலையில் நெடுநாள் இருந்துவிட்டு வந்தவர். நல்லகாமன் கடைமடைக்காரர், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல் அவருடையது. நெல் பால் பிடிக்கும் நேரத்தில், அடுத்தவர் முறையில் மடையை உடைத்துத் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பிப் பிடிபட்டார். இதற்கு ஊர் போடும் அபராதம் ஒருநாள் வாய்க்கால் தூர் வாருவது. ஜெயக்கொடி வேண்டாமென்றார். "தூர் வாரிட்டா தப்பு தீந்துபோச்சுன்னு நெனச்சு மறுபடி ஒடப்பாங்க. மரியாதை பண்ணிப் பாருங்க, கூச்சத்துல ஒருத்தரும் மடையத் தொட மாட்டாங்க" என்றார். மாசித் திருவிழாவில் அம்மன் கோயில் பரிவட்டம் நல்லகாமனுக்குப் போனது. அந்தத் துணிக்காக இரண்டு பங்காளி வீடுகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தன. பூசாரி முடிச்சுப் போட்டதும் குங்குமத் தட்டில் முதல் சொட்டு விழுந்தது. கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் மடை உடைக்காதவர் யாரும் இல்லை.

தலைவி சொன்னபடியே நடந்தது. அதன்பிறகு ஒரு மடையும் உடையவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மதுரையில் ஏசி போட்ட ஒரு ஹாலில் ஜெயக்கொடியைப் பேசச் சொல்லிக் கைதட்டினார்கள். நல்லகாமனோ பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். மகள் நாகஜோதியைப் பெண் பார்க்க வந்தவர்கள், தரை நனைவதைப் பார்த்துக் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, காபியைத் தொடாமல் கிளம்பினார்கள். அன்றிலிருந்து நல்லகாமன் வாசலுக்கே வரவில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை.

நாகஜோதி ஜெயக்கொடி வீட்டுக்குப் போனாள்.

"எங்கப்பா செஞ்சது தப்புத்தான் அத்தே. தூர் வாரச் சொல்லியிருந்தா வாரிட்டு, தல நிமிந்து நடந்திருப்பாரு. அதுக்குக்கூட நீங்க வழி விடல."

ஜெயக்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளோடு கடைமடைக்கு நடந்தார். தலைவியான நாளிலிருந்து அவர் அங்கே போனதே இல்லை. நல்லகாமன் வயல் வெடித்துக் கிடந்தது. முறை வந்தாலும் தண்ணீர் அங்கே வந்து சேர்வதில்லை. மேலே தன் தம்பி அழகுபாண்டி மடைப்பலகையை எந்நேரமும் ஒரு விரற்கடை தூக்கி வைத்து, தண்ணீரைத் தன் வயலுக்கு இழுத்துக்கொள்வது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்ததில்லை. கைதட்டல் வாங்கியது ஞாபகம் வந்து கூசிப்போனார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள், நாகஜோதியிடம் சொல்லி நல்லகாமனையும் வரவழைத்துச் சங்கத்தைக் கூட்டினார். "அண்ணே, ஒங்களுக்கு ஒருநாள் தூர் வார்ற அபராதம். என்னய மன்னிச்சிருங்க" என்று நல்லகாமனிடம் சொன்னார். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். சாயங்காலம் முடிச்சு தானே அவிழ்ந்து, பரிவட்டம் ஜெயக்கொடி தலையில் போய்க் கட்டிக்கொண்டது. நல்லகாமன் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

அழகுபாண்டி மடைப்பலகையை இறக்கிவிட்டான். கடைமடைக்கு இப்போது தண்ணீர் போகிறது. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஜெயக்கொடி எழுந்து கேட்கிறார்: "எனக்கும் ஒரு அபராதம் போடுங்கய்யா."

தலைவிக்கு எப்படிப் போடுவது என்று எல்லோரும் மரியாதையாகத் தரையைப் பார்க்கிறார்கள். அவர் நாற்காலிக்குக் கீழே ஒரு சட்டி வைத்திருக்கிறார்கள். நிறைந்ததும் யாராவது எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்து உட்கார, கூட்டம் தொடர்ந்து நடக்கும்.