சிட்டி ஆனதும் சொல்லுங்க

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பழைய கடைத்தெருவை விட்டுப் புதிய பகுதிக்குக் கடையை மாற்றியபோது மனைவி கூடப் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவளுக்குப் பழைய இடத்திலேயே ஒரு பல் மருத்துவரிடம் வேலை இருந்தது, அப்பா விட்டுப்போன வீடு இருந்தது. "அது சிட்டியே இல்லைங்க, அவுட்டர். சிட்டி ஆனதும் சொல்லுங்க, வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும் என்று அவரும் சிரித்தார்.

உயரமான அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் கடை. அதன் பின்னால் கட்டிலும் ஒற்றை அடுப்பும் மட்டும் கொள்ளும் ஓர் அறை. காலையில் கட்டடத்தின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறிவிடும். அப்புறம் சாயங்காலம்வரை ஈ, காக்கை கிடையாது. எத்தனையோ ஜன்னல்கள், ஒன்றிலும் ஒரு தலை தெரியாது. எங்கோ ஒரு வாஷிங் மெஷின் சுற்றி முடித்துத் தானாகவே கூவி அடங்கும். அவர் மாட்டியிருக்கும் ஃபிரேம்களை எல்லாம் துடைத்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இருட்டினால் எல்லா மாடியிலும் விளக்கு எரியும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது பெரிய நகரம். ஆனால் திரும்பி வந்தவர்கள் காரிலிருந்து இறங்கி நேரே லிஃப்டுக்குள் போய்விடுவார்கள். லீவு நாளில் கடைக்கு வருகிறவர்களும் ஃபோனைப் பார்த்தபடியே மூக்கை நீட்டிக் காட்டுவார்கள்.

சாயங்காலம் ஆனால் மனைவிக்கு ஃபோன் போடுவார். டிராஃபிக் சிக்னல் கம்பம் நட்ட அன்று முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். ஒரு சிக்னல் வந்துவிட்டால் சிட்டியா என்று அவள் கேட்டாள். ஏடிஎம் வந்தது, பேக்கரி வந்தது. ஒருநாள் கார்கள் நகர முடியாமல் வெகுநேரம் நின்று ஹாரன் அடித்துத் தீர்த்தபோது, அவர் வாசலுக்கு வந்து கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பூரித்துப்போய் நின்றார். அதையும் சொன்னார். அவள் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. தியேட்டர் இருக்கா, ராத்திரி பஸ் இருக்கா என்று ஏதாவது ஒன்றைக் கேட்டு வைப்பாள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மகள் வெளிநாட்டில் இருந்தாள். அவளைப் பற்றிப் பேசி முடிந்ததும் மிச்சம் இருந்தது இந்தப் பேச்சு மட்டும்தான்.

மூன்றாவது வருஷம் ஒருநாள் முற்பகலில், கடைக்குள் அணைந்துபோன பல்பை மாற்ற ஏணியில் ஏறியவர் வழுக்கி விழுந்தார். கணுக்கால் மடங்கிக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஃபோன் மேஜை மேல் சார்ஜில் கிடந்தது. கத்திப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு கார், ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. இத்தனை குடும்பங்களுக்குக் கீழே கிடக்கிறோம், கூப்பிட ஒரு பெயர் தெரியவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வலியைவிட அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் சுவரோரமாக மேலே போகும் தண்ணீர்க் குழாய் வரை ஊர்ந்துபோய், ஸ்க்ரூ டிரைவரால் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் மாடியில் இருக்கும் நர்ஸ் கலைந்த தலையோடு இறங்கி வந்தாள். "நைட் டியூட்டி பாத்துட்டு வந்து இப்பத்தான் படுத்தேன், யாருங்க அது?" என்று கடிந்துகொண்டே கதவைத் தள்ளியவள், அவரைக் கண்டதும் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லி, ஆம்புலன்ஸுக்கு அவளே ஃபோன் செய்தாள். இங்கே கண்ணாடிக் கடை இருப்பதே தெரியாது என்றாள்.

சேதி கேட்டு மனைவி பஸ்ஸில் வந்துவிட்டாள். லீவு சொல்லிவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தாள். சமைத்தாள், அவரைக் குளிக்க வைத்தாள், வந்த ஒன்றிரண்டு பேருக்கு ஃபிரேம்கூட எடுத்துக் காட்டினாள். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தவருக்கு, விழுந்ததும் நல்லதுக்குத்தான் என்று தோன்றிவிட்டது.

அவள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கடை வாசலில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கார்கள் திரும்பிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார், சிக்னல், ஏடிஎம், பேக்கரி, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. "இப்பவாவது ஒத்துக்கோ. சிட்டிதானே?"

"சிட்டிதாங்க" என்றாள் அவள். "போன வருஷமே ஆயிடுச்சு. நான் ஒருநாள் வந்து பாத்தேன்."

"எப்ப வந்த?"

"ஒரு மத்தியானம். எதிர்ல பஸ் ஸ்டாப்புல நின்னேன். நீங்க ஃபிரேம் தொடச்சிட்டு இருந்தீங்க. ரோட்டைத் தாண்டி வந்தா போதும். தாண்டத் தோணலை. அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோபமோ அழுகையோ அதில் இல்லை.

"உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க. தனியா இருந்து பழகிடுச்சு, பிடிச்சும் போச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் சிட்டி இல்லை, சிட்டி இல்லைன்னு சொல்லிட்டு இருந்தேன்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குளிர்கிறது, உள்ளே போகலாம் என்றார். அவள் தோள்கொடுத்து அழைத்துப்போனாள். திரும்பி வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. காலையில் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

கட்டுப் பிரித்த பிறகு அவர் காலையில் கடை திறப்பதை விட்டுவிட்டார். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் திறந்து என்ன ஆகப்போகிறது? மத்தியானத்துக்கு மேல் திறந்து, கார்கள் எல்லாம் வந்து அடங்கும்வரை உட்கார்ந்திருப்பார். மனைவிக்கு ஃபோன் போடுவது வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள், பரவாயில்லை என்பார். மகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள். போன மாதம் பக்கத்துத் தெருவில் தியேட்டர் திறந்தார்கள். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.